அட்டாச்மென்ட் எங்கே போனது?

(சென்ற காலாண்டுக் கூட்டத்தின் முடிவில் கம்யூனிட்டி ஹாலில் பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏ.எம்.சி., பேஸ்மென்ட் பார்க்கிங் என்று எல்லாம் பேசி முடித்து, காபி வாசனை வரத் தொடங்கிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெயிலில் வந்த அட்டாச்மென்ட் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் தலைப்பு. இதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று தோன்றலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தால் நம் குடியிருப்பில் ஒருவருடைய பெயர் பத்து நாள் கெட்டுக் கிடந்தது.

போன வருடப் பொதுக்குழுவுக்கு முன் நம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய பொருளாளர் வீட்டைக் காலி செய்து கோவைக்குப் போயிருந்தார். ஆறு வருட மெயின்டனன்ஸ் கணக்கு அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும், அனுப்புங்கள் என்றோம். "அனுப்பியாச்சு" என்றார். ஆபீஸில் பார்த்தால் மெயில் வந்திருக்கிறது, உள்ளே ஃபைல் இல்லை. மறுபடி கேட்டோம், மறுபடி அனுப்பினார். மூன்றாவது தடவையும் அதே கதை. அன்று இரவு குரூப்பில் ஒருவர், "கணக்கைக் கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?" என்று எழுதினார். அதற்குக் கட்டைவிரல் குறி போட்டவர்கள் பதினோரு பேர். அதில் நானும் ஒருவன்.

அவர் முதல் தடவையே சரியாகத்தான் அனுப்பியிருந்தார். ஃபைலும் வந்துதான் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற அவுட்லுக் அதை நம் கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இது தெரிந்ததுகூட தற்செயலாகத்தான். வேறு ஒரு பிரிண்ட் எடுக்க ஆபீஸுக்குப் போனவன், அங்கிருக்கும் தம்பியிடம் அந்த மெயிலைக் காட்டச் சொன்னேன். மெயில் பட்டியலில் பேப்பர் கிளிப் குறி இருந்தது. கிளிப் இருந்தால் அட்டாச்மென்ட் இருக்கிறது என்று அர்த்தம். மெயிலைத் திறந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் மேலே, அனுப்பியவர் பெயரை ஒட்டி, பொடி எழுத்தில் ஒரு பட்டை. பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடிய இந்த அட்டாச்மென்டை அவுட்லுக் தடுத்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லி, பக்கத்தில் ஃபைலின் பெயரையும் போட்டிருந்தது. மூன்று மெயிலிலும் அந்தப் பட்டை இருந்தது. மூன்று முறையும் யாரும் அதைப் படிக்கவில்லை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அந்த ஸ்கிரீனில் எத்தனை பட்டை வருகிறது! எல்லாவற்றையும் மூடி மூடி நமக்கும் பழகிவிட்டது.

அடுத்து, அதே மெயில் பெட்டியை பிரவுசரில் ஜிமெயிலாகத் திறந்தோம். ஃபைல் அங்கே சாதுவாக உட்கார்ந்திருந்தது. அன்றே கோவைக்கு போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "அனுப்பினதை அனுப்பலைன்னு சொன்னா நான் எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுக் குரூப்பிலும் எழுதினேன். அதற்கு நாலு கட்டைவிரல்தான் வந்தது.

சரி, அவுட்லுக் ஏன் தடுத்தது? அவர் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராமில் வைத்திருந்தார். பழைய ஆக்சஸ் ஃபைலின் பெயர் டாட் எம்டிபி என்று முடியும். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வருகிற இந்த வாலை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். அவுட்லுக் ஃபைலுக்குள் போய் நல்லதா கெட்டதா என்று பார்த்துத் தடுக்கவில்லை. வாலை மட்டும் பார்க்கிறது. அதனிடம் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. டாட் இஎக்ஸ்இ, டாட் பேட், டாட் ஜேஎஸ், டாட் விபிஎஸ், டாட் எம்எஸ்ஐ, டாட் எஸ்சிஆர், டாட் ஆர்இஜி என்று போகும். திறந்த மாத்திரத்தில் கம்ப்யூட்டருக்குள் ஏதாவது ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஃபைல் வகைகள் இவை. ஆக்சஸ் ஃபைலுக்குள்ளும் அப்படி ஓடக்கூடிய கட்டளைகளை வைக்க முடியும் என்பதால் எம்டிபியும் அதில் இருக்கிறது. நம் பொருளாளர் ஃபைலில் இருந்தது லிஃப்ட் ரிப்பேரும் டீசல் செலவும்தான். அது அவுட்லுக்குக்கு எப்படித் தெரியும்?

ஜிமெயிலுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எம்டிபியை ஜிமெயில் விட்டுவிடும், அவுட்லுக் விடாது. அதனால்தான் ஒரே மெயில் ஒரு இடத்தில் முழுசாகவும் இன்னொரு இடத்தில் மொட்டையாகவும் தெரிந்தது. இஎக்ஸ்இ ஃபைலை ஜிமெயில் வாசலிலேயே நிறுத்திவிடும். அதை ஜிப்புக்குள் சுருட்டி அனுப்பினாலும் உள்ளே எட்டிப் பார்த்து நிறுத்தும். அப்போது அனுப்பியவருக்கே மெயில் திரும்பி வரும்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டீர்கள். 2000-ஆம் வருடம் மே 4-ஆம் தேதி, ஐ லவ் யூ என்ற தலைப்பில் ஒரு மெயில் உலகமெல்லாம் சுற்றியது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது. அதனுடன் ஒரு காதல் கடிதம், பெயரின் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி வாலை மறைத்துவிடும் என்பதால் பலருக்கு அது வெறும் டிஎக்ஸ்டி ஃபைலாக, சாதாரணக் கடிதமாகத்தான் தெரிந்தது. திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அது தானே கிளம்பிப் போனது. தெரிந்தவர் பெயரில் வந்ததால் அடுத்தவரும் திறந்தார். அதற்கு முந்தைய வருடம் மெலிஸா என்று ஒன்று இதே வேலையைச் செய்திருந்தது. ஐ லவ் யூவுக்கு அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டது. இப்போது நாம் பார்க்கிற தடுப்பு அந்த வழியில் வந்ததுதான்.

இங்கே ஒரு சின்ன வேலை சொல்கிறேன், வீட்டுக்குப் போனதும் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் வியூவை அழுத்தியதுமே அந்த டிக் கட்டம் தெரியும். இனி எல்லா ஃபைலும் வாலோடு தெரியும். "பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ" என்று ஒன்று வந்தால் அது பில் இல்லை என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

இனி, தடுப்புப் பட்டை வந்தால் என்ன செய்வது?

முதலில் பட்டையில் இருக்கிற ஃபைல் பெயரைப் படியுங்கள், வாலோடு சேர்த்து. பிறகு அனுப்பியவருக்கு போன் செய்யுங்கள். ரிப்ளை மெயில் போடாதீர்கள். மெயில் அவருடையதே இல்லையென்றால் ரிப்ளையும் திருடனுக்குத்தான் போகும். "இந்தப் பெயரில் ஒரு ஃபைல் அனுப்பினீர்களா, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் போதும். அனுப்பினேன் என்றால், வேறு உருவத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு என்றால் எக்ஸெல், கடிதம் என்றால் பிடிஎஃப். உருவத்தை மாற்ற முடியாத ஃபைல் என்றால் ஜிப் செய்து அனுப்பலாம். விண்டோஸில் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஜிப் ஆக்கும் வசதி இருக்கிறது, தனி சாஃப்ட்வேர் வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை இதோடு முடிந்துவிடும்.

அனுப்பியவர் ஊரில் இல்லை, அவசரம் என்றால், நான் செய்தது போல பிரவுசரில் அதே மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள். போனில் பேசி உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும்.

கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு நண்பர் என்னிடம், "ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட்டால் தடுப்பே இருக்காதாமே" என்றார். உண்மைதான், அப்படி ஒன்று உண்டு. அவுட்லுக்கின் செக்யூரிட்டி பகுதியில் லெவல்1ரிமூவ் என்ற பெயரில் எழுதி, எந்த வால் உள்ள ஃபைலை விட வேண்டுமோ அதைக் குறிப்பிட்டால், அந்த வகையை அவுட்லுக் விடும். அப்போதும் நேராகத் திறக்க விடாது, முதலில் சேவ் செய்யச் சொல்லும். புதிய அவுட்லுக்கில் இந்த வழி செல்லாது. கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் அது ஐ.டி. துறையின் கையில் இருக்கிறது, நீங்கள் தொடவே கூடாது.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைச் செய்யலாமா என்று கமிட்டியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன். அந்த வரியை எழுதியவருக்கு எதற்காக எழுதினோம் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். கதவு மட்டும் திறந்தே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் நம் எல்லோருடைய போன் நம்பரும், வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகலும், சங்கத்தின் வங்கி விவரமும் இருக்கின்றன. ஒரு எம்டிபி ஃபைலுக்காக அதைத் திறந்து போட எனக்கு மனம் வரவில்லை. பொருளாளரை எக்ஸெலாக மாற்றி அனுப்பச் சொன்னோம். அரை மணி நேரத்தில் வந்தது.

தடுப்பு இருக்கிறது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. சில மாதங்களுக்கு முன் ஆபீஸுக்கு ஒரு மெயில். நிலுவைத் தொகை உடனே கட்டவும், பில் இணைக்கப்பட்டுள்ளது என்று. அட்டாச்மென்ட் டாட் ஹெச்டிஎம்எல். அது வெறும் வலைப்பக்கம் என்பதால் அவுட்லுக் தடுக்கவில்லை. தம்பி திறந்தார். மங்கலாக ஒரு பில், அதன் மேல் ஒரு கட்டம், "பில்லைப் பார்க்க உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்று. பார்க்க அசல் லாகின் பக்கம் மாதிரியே இருந்தது. நல்லவேளையாக அவர் கொடுக்கவில்லை, எனக்கு போன் செய்தார். வந்த மெயிலில் இருக்கிற ஒரு ஃபைலைப் பார்க்க மறுபடி மெயில் பாஸ்வேர்டு எதற்கு என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. நல்ல ஃபைலை நிறுத்திய அதே கேட் திருடனை உள்ளே விட்டது. நம் செக்யூரிட்டியும் சில நாள் அப்படித்தான், உங்கள் மாமனாரை நிறுத்திக் கேள்வி கேட்பார், பைக்கில் வேகமாக வருகிறவனுக்கு சல்யூட் அடிப்பார்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் வந்தாலும் கவனம். பாஸ்வேர்டு இருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது. ஜிப்பும் அதன் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில், எதிர்பாராத நபரிடமிருந்து வந்தால் தொடாதீர்கள். நீங்களே ஆதார் நகல் மாதிரி எதையாவது அனுப்பினால், ஜிப்பை மெயிலிலும் பாஸ்வேர்டை போனிலும் கொடுங்கள்.

ஃபைல் வரவில்லை என்று என்னிடம் வருகிறவற்றில் பாதி, தடுப்பே இல்லை. வேறு கோளாறு. சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அளவு. ஜிமெயிலில் அட்டாச்மென்ட் 25 எம்பி வரைதான். அவுட்லுக்கில் ஜிமெயில் போன்ற கணக்குகளுக்கு வழக்கமான வரம்பு 20 எம்பி. மெயிலில் ஏறும்போது ஃபைல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நம் வீட்டுப் பத்திரத்தை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால் ஒரு மெயிலில் அடங்காது. 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும், எழுத்து நன்றாகவே படிக்க வரும்.

வின்மெயில் டாட் டேட். தண்டர்பேர்ட் போன்ற வேறு மெயில் புரோகிராம் வைத்திருப்பவர்களில் சிலருக்கு, நாங்கள் அனுப்பிய கூட்டக் குறிப்பு இந்தப் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. திறந்தால் கிறுக்கல். இது எங்கள் பக்கத்துத் தவறு. அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் எழுதி அனுப்பினால் சில சமயம் இப்படிக் கட்டிக்கொண்டு போகும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய் ஹெச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றியாகிவிட்டது. இனியும் வந்தால் சொல்லுங்கள்.

எக்ஸெல் திறக்கிறது, ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை என்பார்கள். மேலே மஞ்சள் பட்டை இருக்கும். வெளியிலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் அதில் ஒரு முத்திரை குத்தியிருக்கிறது. வெறும் படிக்க வேண்டும் என்றால் அந்தப் பட்டையைத் தொடவே வேண்டாம், அப்படியே படிக்கலாம். மாற்ற வேண்டும், அனுப்பியவரும் தெரிந்தவர் என்றால் எனேபிள் எடிட்டிங் கொடுங்கள். சிவப்புப் பட்டை வந்தால் உள்ளே மேக்ரோ இருக்கிறது. 2022 முதல் இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே நிறுத்திவிடுகிறது. நம் சங்கத்திலிருந்து உங்களுக்கு மேக்ரோ உள்ள ஃபைல் ஒருபோதும் வராது. வந்தால் அது நாங்கள் அனுப்பியது இல்லை.

இன்னொன்று வேடிக்கையானது. ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று அவுட்லுக் ஒரு பிழை காட்டும். மெயிலிலிருந்தே நேராகத் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் அவுட்லுக் ஒரு மறைவான ஃபோல்டரில் நகல் எடுத்து வைக்கிறது. ஒரே பெயரில் திரும்பத் திரும்ப வந்தால் பக்கத்தில் 1, 2 என்று நம்பர் போடும். 99-ஐத் தாண்டினால் கை விரித்துவிடும். நம் ஆபீஸில் இது நடந்ததற்குக் காரணம் நீங்கள்தான்! எல்லோரும் "ஸ்கேன்" என்ற பெயரிலேயே அனுப்புகிறீர்கள். அந்த ஃபோல்டரைக் காலி செய்ததும் சரியாகிவிட்டது. அட்டாச்மென்டை மெயிலிலேயே திறந்து, திருத்தி, மூடினால் உங்கள் திருத்தமும் அந்த மறைவிடத்தில்தான் போய் விழும், பிறகு கிடைக்காது. முதலில் உங்கள் ஃபோல்டரில் சேவ் செய்துவிட்டுத் திறங்கள்.

ஆகவே ஆபீஸுக்கு ஃபைல் அனுப்பும்போது பிளாட் நம்பரும் விஷயமும் பெயரில் இருக்கட்டும். பிடிஎஃப் அல்லது சாதாரண போட்டோவாக அனுப்புங்கள். சிசிடிவி பதிவு கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கேமரா பெட்டியிலிருந்து காப்பி எடுத்தால் வீடியோவுடன் அதை ஓட்டுகிற ஒரு இஎக்ஸ்இ ஃபைலும் சேர்ந்து வருகிறது. அது எந்த மெயிலிலும் போகாது. அதனால் பென் டிரைவில்தான் கொடுப்போம், கையெழுத்து வாங்கிக்கொண்டு. பெரிய ஃபைல்களை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புகிறவர்கள், "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நம் குரூப்பில் போட்ட லிங்க் வேறு எத்தனை குரூப்புக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

நாங்கள் பக்கத்தில் செய்திருப்பது இதுதான். அட்டாச்மென்ட் இல்லாமல் ஒரு மெயில் வந்தால், "அனுப்பவில்லை" என்று யாரும் குரூப்பில் எழுதக் கூடாது. பட்டையைப் படித்து, பிரவுசரில் பார்த்து, அதன் பிறகு அனுப்பியவருக்கே போன். இதை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. முந்தைய பொருளாளர் அடுத்த மாதம் பிளாட் விஷயமாக இங்கே வருகிறாராம். அந்தப் பதினோரு பேரும் ஒரு எட்டு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். நான் போகிறேன்.

கேள்வி இருந்தால் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள். லேப்டாப்பைக் கொண்டுவர வேண்டும் என்றால் சனிக்கிழமை மாலை ஆபீஸில் இருப்பேன். பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள்.